திரையில் ஒரு கதாநாயகன், மலையில் எத்தனை பேர்?

(தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிமாருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், சேமலாப நிதி, வீடு, காணி என்று பேசும் வகுப்பில் சினிமாவுக்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். இடம் இருக்கிறது. நம்மில் பலர் அரசியலை முதன்முதலாகத் தெரிந்துகொண்டது சங்கக் கூட்டத்தில் அல்ல, படத்தில்தான். அநியாயம் செய்பவன் எப்படி இருப்பான், அதை எதிர்ப்பவன் எப்படிப் பேசுவான், ஏழைக்கு நீதி எப்படிக் கிடைக்கும் என்பதையெல்லாம் திரை நமக்குக் காட்டியது. அந்தக் காலத்தில் டவுன் தியேட்டர், பிறகு பக்கத்து லயத்து டெக், பிறகு வீட்டுக்கு வீடு டிஷ், இப்போது பிள்ளைகளின் கையிலுள்ள போன். பெட்டி மாறியிருக்கிறது, பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அந்தப் பாடத்தில் எது சரி, எது குறை என்று பார்ப்பதும் சங்க வேலைதான்.

இன்று நாம் சொல்ல வருவது ஒரே விஷயம். படம் அநியாயத்தை நன்றாகக் காட்டும். ஆனால் அந்த அநியாயம் எப்படித் தீர்ந்தது என்று சொல்லும் இடத்தில், பல பேர் பல வருடம் செய்த வேலையை ஒரே ஆளின் கையில் கொடுத்துவிடும். அதையே பார்த்துப் பழகினால் நாமும் யாராவது ஒருவர் வருவார் என்று காத்திருக்கத் தொடங்குவோம். நாம் காத்திருக்கும் காலத்தில் லாபம் அடைபவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

மன்னன் மாறினால் போதுமா?

முதலில் நமக்கு மிகவும் நெருக்கமான ஒருவரை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.ஆர். 1917இல் கண்டியில் பிறந்தவர். அவர் படம் இல்லாத லயமே இல்லை என்று சொல்லக்கூடிய காலம் ஒன்று இருந்தது. அவர் தயாரித்து, இயக்கி, நடித்த 'நாடோடி மன்னன்' 1958இல் வந்தது. மன்னரைப் போலவே உருவமுள்ள ஒரு சாதாரண மனிதன் மன்னரின் இடத்தில் உட்காருகிறான். மக்களுக்கு நன்மையான சட்டங்களை அறிவிக்கிறான். தியேட்டரே அதிரும்.

தமிழ்நாட்டில் திரையும் அரசியலும் சேர்ந்தே வளர்ந்தன. 'வேலைக்காரி' படத்துக்குக் கதை எழுதிய அண்ணா 1967இல் முதலமைச்சரானார். 'பராசக்தி'க்கு வசனம் எழுதிய கலைஞர் 1969இல் முதலமைச்சரானார். எம்.ஜி.ஆர். 1977இல் முதலமைச்சரானார், பிறகு ஜெயலலிதாவும் வந்தார். அங்கே திரையில் கைதட்டியவர்கள் கையில் வாக்குச்சீட்டும் இருந்தது. பிடித்தால் வாக்களிக்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம்.

நமது நிலைமை வேறு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வாக்குரிமையும் போனது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று இரண்டு அரசாங்கங்கள் நமது பெரியவர்களைக் கேட்காமலே பங்கு பிரித்தன. 'நாடோடி மன்னன்' ஓடிய காலத்தில் அதைப் பார்த்துக் கைதட்டிய தோட்டத் தொழிலாளிக்கு ஒரு மன்னனையும் மாற்ற முடியாது, ஒரு பாராளுமன்ற உறுப்பினரையும் மாற்ற முடியாது. அவருக்கு அந்தப் படம் வெறும் பொழுதுபோக்கு அல்ல. வெளியில் கிடைக்காத நீதி அந்த மூன்று மணித்தியாலம் உள்ளே கிடைத்தது. அந்த ஆசையை நாம் கேலி செய்யக்கூடாது.

ஆனால் பிரஜாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது எப்படி? நல்ல மன்னன் ஒருவன் வந்து ஒரு நாளில் தீர்க்கவில்லை. சத்தியாக்கிரகம், மனு, வழக்கு, வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை என்று தலைமுறை கணக்கில் நடந்தது. 1988இல் ஒரு சட்டம் வந்தது. அப்போதும் விடுபட்டவர்களுக்காக 2003இல் இன்னொரு சட்டம் வந்தது. 1948இலிருந்து 2003 வரை 55 வருடம். இதைப் படமாக எடுத்தால் மூன்று மணித்தியாலத்தில் அடங்காது. அதனால்தான் படம் அதைக் காட்டுவதில்லை.

எம்.ஜி.ஆர். வாழ்க்கையிலிருந்தே நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1972இல் அவர் தன் கட்சியிடமே கணக்குக் கேட்டார். அதனால் வெளியேற்றப்பட்டார், தனிக் கட்சி தொடங்கினார். அவர் அரசியலில் சரி பிழை பல இருக்கலாம். ஆனால் கணக்குக் கேட்பது உறுப்பினரின் உரிமை. சந்தா கட்டுகிற நீங்கள் சங்கத்திடமும் அதைக் கேட்க வேண்டும். மாலை போட்டு வரவேற்கும் தலைவரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்பட்டால், நாம் கூட்டத்துக்கு வந்திருக்கிறோமா, படம் பார்க்க வந்திருக்கிறோமா?

கங்காணியின் கணக்கு

அடுத்ததாக 2013இல் வந்த 'பரதேசி'. இயக்கியவர் பாலா. தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக வேலை செய்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலைத் தழுவியது அந்தப் படம். அந்த நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். கதை நடப்பது நமது மலையில் அல்ல, தமிழ்நாட்டின் ஆனைமலைப் பக்கம். ஆனாலும் இதைப் பார்த்த நமது பெரியவர்களுக்கு வேறு ஊர்க் கதையாகத் தெரிந்திருக்காது.

கங்காணி ஊருக்கு வருகிறான். நல்ல சம்பளம், நல்ல வாழ்க்கை என்கிறான். முற்பணம் கொடுக்கிறான். ஊரே கால்நடையாகக் கிளம்புகிறது. தவணை முடிந்து கணக்குப் பார்க்கும் நாளில், அதற்கு இவ்வளவு, இதற்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்து, கடைசியில் தொழிலாளிதான் தோட்டத்துக்குக் கடன்காரன் என்று வருகிறது. கடன் தீராமல் வெளியே போக முடியாது.

இது அரசியலை விளக்கும் நல்ல படம் என்று நாம் சொல்வது இந்த ஒரு காட்சிக்காக. துரை அடிப்பதை எந்தப் படமும் காட்டும். அடி இல்லாமலே ஒரு மனிதனைக் கட்டிவைப்பது எப்படி என்பதை இந்தக் கணக்குப் புத்தகம் காட்டுகிறது. நமது மலையில் இதற்குத் 'துண்டு' என்று பெயர். கடனைக் குறித்த அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியாது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

படம் எங்கே நிற்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். தப்ப வழியில்லாத கதாநாயகன் ஊரில் விட்டுவந்த மனைவியும் பிள்ளையும் அதே தோட்டத்துக்கே வந்து சேர்கிறார்கள். அவன் கதறுகிறான். படம் முடிகிறது. பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

வரலாறு அந்த இடத்தில் நிற்கவில்லை. இலங்கையில் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் தொடங்கினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். சினிமாவும் டி.வி.யும் எட்டாத லயத்தில் அரசியலை விளக்கியது அந்தப் பாட்டுத்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் போராட்டத்தின்போது பொலிஸ் துப்பாக்கிச்சூட்டில் கோவிந்தன் உயிர் கொடுத்தார். கதறி அழுத மக்கள் அழுகையோடு நிற்காமல் சங்கம் கட்டினார்கள். 'பரதேசி'யைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவர்கள், படம் முடிந்ததும் இந்த மீதிக் கதையையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நமது பாட்டன் பாட்டி வெறும் பாவப்பட்டவர்கள் என்றே பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள்.

187 பெண்கள்

இனி நமது தேயிலை போய்ச் சேரும் நாடு ஒன்றுக்குப் போவோம். இங்கிலாந்தில் டாகன்ஹாம் என்ற இடத்தில் போர்ட் மோட்டார் கம்பனியின் பெரிய தொழிற்சாலை. அங்கே காரின் ஆசன உறைகளைத் தைக்கும் பெண்கள் 1968 ஜூன் மாதம் வேலையை நிறுத்தினார்கள். மொத்தம் 187 பேர். அவர்கள் வேலையைத் திறமை தேவையில்லாத வேலை என்று கம்பனி தரம் பிரித்தது. அந்தத் தரத்திலும் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். ஆசன உறை இல்லாமல் கார் வெளியே போகுமா? மூன்று வாரத்தில் தொழிற்சாலை திணறியது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். 1970இல் சம சம்பளச் சட்டம் வந்தது.

இதை 'மேட் இன் டாகன்ஹாம்' என்று 2010இல் படமாக எடுத்தார்கள். நல்ல படம், மாதர் தலைவிமார் பார்க்க வேண்டிய படம். ஆனால் அதில் முன்னால் நிற்கும் ரீட்டா என்ற பெண் உண்மையில் இருந்தவர் அல்ல. 187 பேரைக் காட்ட முடியாது என்பதால் ஒரு கதாநாயகியைக் கற்பனையாகச் செய்தார்கள்.

இன்னொன்று. படம் வெற்றியோடு முடிகிறது. உண்மையில் அந்த வேலைநிறுத்தத்தில் அவர்களுக்குக் கிடைத்தது ஆண்களின் வீதத்தில் 92 சதவீதம். தங்கள் வேலை திறமையான வேலைதான் என்று தரம் உயர்த்திக்கொள்ள 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. இடையில் 16 வருடம். அந்த 16 வருடம் படத்தில் இல்லை.

1984 என்றதும் இங்குள்ள மூத்த தாய்மாருக்கு ஒன்று நினைவு வந்திருக்கும். அதே வருடம்தான் நமது தோட்டங்களில் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து வேலைநிறுத்தம் செய்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்று ஆக்கின. அதற்கு முன் அதே மலையில், அதே மழையில், அதே அட்டைக் கடியில் வேலை செய்த பெண்ணுக்குக் குறைந்த சம்பளம். கொழுந்து எடுப்பது லேசான வேலை என்பார்கள். ஆசன உறை தைப்பது லேசான வேலை என்று அங்கே சொன்னதுபோலத்தான். இந்த வேலைநிறுத்தத்தில் நின்ற தாய்மார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்கு டாகன்ஹாம் கதையைப் படமாகக் காட்டலாம், பாட்டியின் கதையை யார் சொல்வது?

'உனக்கு மட்டும்தான்'

தொலைக்காட்சிக்கு வருவோம். இங்கிலாந்தில் 2024 ஜனவரியில் நான்கு பகுதியாக ஒரு நாடகம் ஒளிபரப்பானது. தபால் நிலைய வழக்குகளைப் பற்றியது. உப தபால் நிலையங்களை நடத்தியவர்களுக்கு 1999 முதல் 'ஹொரைசன்' என்ற கம்பியூட்டர் முறை கொடுக்கப்பட்டது. அது பிழையான கணக்குக் காட்டியது. காசு குறைகிறது என்றது. கம்பியூட்டர் சொன்னதை நம்பி அவர்களைக் கள்வர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டார்கள். சிலர் சிறை போனார்கள், பலர் வீடு வாசலை இழந்தார்கள்.

முறைப்பாடு செய்தவர்களில் பலருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உனக்கு மட்டும்தான் என்ற பதில். இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. நிறுவையில் கிலோ குறைகிறது, சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கழிக்கிறார்கள் என்று கேட்டால், மற்றவர்கள் பேசாமல்தானே இருக்கிறார்கள், உனக்கு மட்டும் என்ன என்று கேட்பார்கள். தனியாக நிற்கும் ஆள் தன் கண்ணையே சந்தேகிக்கத் தொடங்குவார். பக்கத்து மலையில் இருப்பவருக்கும் அதே கதைதான் என்று தெரிகிற அன்றுதான் நிலைமை மாறும்.

அங்கேயும் அதுதான் நடந்தது. பாதிக்கப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் தேடிப்பிடித்துச் சேர்ந்தார்கள். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2019 டிசெம்பரில் கம்பியூட்டர் முறையில் பிழை இருந்தது என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படியும் பலருடைய தண்டனை நீங்கவில்லை. 2024இல் நாடகம் வந்தது, நாடே கொதித்தது, அதே வருடம் மே மாதத்தில் நூற்றுக்கணக்கானோரின் தண்டனையை ரத்துச் செய்யப் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது.

இதைப் பார்த்தால் தொலைக்காட்சியின் பலம் தெரிகிறது. நீதிமன்றத் தீர்ப்பு அசைக்காத அரசாங்கத்தை நான்கு இரவு நாடகம் அசைத்தது. ஆனால் அந்த 555 பேர் முன்கூட்டியே சேர்ந்திருக்காவிட்டால், வழக்கில் வென்றிருக்காவிட்டால், நாடகக்காரர்களுக்குச் சொல்ல ஒரு கதை இருந்திருக்குமா? கதையைத் தொழிலாளிகள் செய்தார்கள், தொலைக்காட்சி அதை ஊருக்குச் சொன்னது. இந்த வரிசையை மறக்கக்கூடாது.

நமது படம், நமது செய்தி

நம்மைப் பற்றி நாமே எடுத்த படங்கள் உண்டா என்றால் உண்டு. 1975இல் 'புதிய காற்று' வந்தது. தயாரித்து நடித்தவர் வீ.பி. கணேசன். அவர் தோட்டத் தொழிற்சங்கவாதி. வசனத்தை எழுதியவர் நமது எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப். தொழிற்சங்கவாதி ஒருவர் படம் எடுக்க வந்தது நமக்கு முக்கியம். நமது மலையும் நமது பேச்சும் திரையில் வர வேண்டும் என்று அவர் நினைத்தார். 1978இல் அவர் எடுத்த அடுத்த படத்தின் பெயர் 'நான் உங்கள் தோழன்'. மன்னன் என்ற சொல்லுக்கும் தோழன் என்ற சொல்லுக்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள். மன்னன் மேலேயிருந்து கொடுப்பவன், தோழன் பக்கத்தில் நிற்பவன்.

இப்போது நம்மை அதிகம் காட்டுவது படம் அல்ல, செய்தி. மண்சரிவு வந்தால், லயம் எரிந்தால், சம்பளப் பேச்சு முறிந்தால் கெமரா வரும். உடைந்த கூரையை எடுப்பார்கள், அழும் தாயை எடுப்பார்கள். பிறகு அமைச்சரைக் காட்டுவார்கள், அவர் பேசுவார். நன்றாகக் கவனியுங்கள். அந்தச் செய்தியில் நமது பங்கு அழுவது, விளக்கம் சொல்வது வேறொருவரின் பங்கு. அந்தத் தாய்க்குத் தன் சம்பளத் துண்டில் உள்ள ஒவ்வொரு கழிவும் தெரியும். யாரும் அதைக் கேட்பதில்லை. 1992இல் தோட்ட முகாமைத்துவம் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்ட பிறகு எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் என்று கேட்பதில்லை. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ என்ன விலை, அதில் கொழுந்து எடுத்தவருக்கு எவ்வளவு என்று கேட்பதில்லை.

மாறாகவும் ஒரு நாள் பார்த்தோம். 2018 ஒக்டோபரில் 1,000 ரூபா சம்பளம் கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் காலிமுகத்திடலில் கூடினார்கள். கொழும்பில் கடைகளிலும் கம்பனிகளிலும் வேலை செய்யும் நமது பிள்ளைகள் போனில் ஒருவருக்கொருவர் சொல்லித் திரண்டார்கள். கெமராவைப் பார்த்து அழவில்லை, கணக்கைப் பேசினார்கள். அந்த 1,000 ரூபா வர்த்தமானியில் வர 2021 மார்ச் ஆனது. அதற்கு உரிமை கோரிப் பல படங்கள், பல போஸ்டர்கள் பிறகு வந்தன. கூடிய அந்தப் பிள்ளைகளின் பெயர் ஒரு போஸ்டரிலும் இல்லை.

இனிப் பார்க்கும்போது

ஆகவே படம் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பார்த்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, இந்தக் கதையில் முடிவெடுப்பவர் யார்? துரையா, கம்பனியா, அரசாங்கமா? வில்லனின் முகத்தைக் காட்டினார்களே, அவன் பின்னால் இருக்கும் சட்டத்தைக் காட்டினார்களா?

இரண்டு, கணக்குப் புத்தகம் யார் கையில்? காசு எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று படம் சொல்கிறதா?

மூன்று, படத்தில் யார் இல்லை? கதாநாயகனுக்குப் பின்னால் நின்ற 187 பேர் எங்கே? உண்டியலில் பத்து ரூபா போட்டவர் எங்கே? வேலைநிறுத்த நாட்களில் லயத்தில் எல்லோருக்கும் சேர்த்து அடுப்பு மூட்டிய பெண் எங்கே?

தேர்தல் மேடைக்கும் இதே மூன்று கேள்விதான். நமது சங்க மேடைக்கும்தான். ஒருவர் வந்து, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால், அது நல்ல வசனம். கைதட்டுங்கள். தட்டிவிட்டு, எந்தத் திகதிக்குள், எந்தச் சட்டத்தின் கீழ், எந்தக் காசில் என்று கேளுங்கள்.

கடைசியாக இளைஞர்களிடம் ஒரு வேலையை ஒப்படைக்கிறோம். உங்கள் கையில் கெமராவோடு போன் இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் தோட்டத்தில் 1984 வேலைநிறுத்தத்தில் இருந்த ஒரு தாயையோ தகப்பனையோ தேடிப்பிடியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அன்று என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள், சம்பளம் இல்லாத நாட்களில் என்ன சமைத்தார்கள், பயந்தார்களா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவருடைய சம்மதத்தோடு, அவருடைய சொல்லிலேயே இருக்கட்டும். பாட்டு, இசை ஒன்றும் வேண்டாம். தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து பார்ப்போம். அந்த மூத்தவர்கள் நம்மோடு இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.